லட்சுமிக்கு எத்தனை முகம்

1

இங்கே வந்து ஆறு ஆண்டுகள் முடிந்த அன்று எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, கீழ் வீட்டு பெர்ட்டிலின் பார்வைதான். சலவை அறையின் நடுவில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் போர்வை சுழன்றுகொண்டிருந்த உலர்த்தியைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சொல் பேசவில்லை. ஸ்வீடனில் இதற்குப் பெயர் சண்டை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். கோத்தன்பர்க் நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு துணி துவைக்கும் மெஷின் கிடையாது. அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. அதன் வாசலில் ஒரு பலகை. அந்த மாதத்து நாள்கள், காலை மதியம் மாலை என்று, துளை துளையாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த சின்னப் பூட்டு ஒன்று. வேண்டிய துளையில் பூட்டை மாட்டினால் அந்த வேளை நம்முடையது. ராஜாவே வந்தாலும் அழுக்குச் சட்டையோடு வெளியே காத்திருக்க வேண்டியதுதான். முறை முடிந்தபின் ஒரு காலுறை மெஷினுக்குள் இருந்தாலும் அது குற்றம். என் போர்வை அங்கே இரண்டு பேருக்குப் போதும் அளவில் இருந்தது.

வந்த புதிதில் இந்த நாடு என்னிடம் கேட்டவை வரிசையாக: அடையாள எண். அதைத் தர நிரந்தர முகவரி. முகவரிக்கு வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கு. வங்கிக் கணக்குக்கு அடையாள எண். இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் கடைசியில் அந்தச் சின்னப் பூட்டு கையில் வந்த அன்றுதான், சரி, குடியேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

பெர்ட்டிலிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லை" என்றார். அதுவும் சண்டையின் ஒரு பகுதி. போர்வையை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு படியேறும்போது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: "பழவேற்காடு, மாணவி லட்சுமி, அடையாளக் கோளாறு. உடனே பேச வேண்டும். கெர்ஸ்டின்."

2

நான் வேலை பார்க்கும் அமைப்பு சிறியது. கடற்கரை, ஏரிக்கரை ஊர்களில் மீன், நண்டு, இறால் விற்கும் பெண்களுக்கு இணையம் வழியாகப் பாடம் நடத்துகிறோம். கென்யாவில் ஓர் ஊர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், வங்கதேசத்தில் ஓர் ஊர் கேட்டுக்கொள்ளும், இங்கிருக்கும் ஆசிரியர்கள் நடுவில் இருந்து கோத்துக் கொடுப்பார்கள். கம்பி, கடவுச்சொல், கண்ணீர் மூன்றுக்கும் பொறுப்பு நான். கெர்ஸ்டின் எங்கள் தலைவி. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கும், யாரையும் குறை சொல்லாத, ஆனால் எதையும் மறக்காத பெண்மணி.

இந்த முறை பழவேற்காடு ஏரிக்கரையில் தேர்வான ஊர், என் ஊராகவே அமைந்துவிட்டது. தேர்வில் எனக்குப் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர்ப்பக்கத்து வகுப்புகளை எட்டிக்கூடப் பார்க்காமல் கௌரவமாக ஒதுங்கியிருந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கௌரவம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

ஏற்பாடு இதுதான். ஊருக்கு ஒரு டேப்லெட், கூரைமேல் ஓர் ஆன்டெனா, ஒரே ஒரு மாணவி. அவள் கற்று மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு. தேறினால் ஊருக்கு வெயிலில் ஓடும் குளிர் அறை ஒன்று, கதவு பூட்டு எல்லாம் சேர்த்து. தேறாவிட்டால் குளிர் அறை, காத்திருக்கும் வேறு ஊருக்குப் போய்விடும்.

இந்தக் குளிர் அறைக்காகத் தவம் கிடந்தவர் என் அண்ணன் மனைவி செல்வராணி. எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. நண்டு வாங்க வரும் வியாபாரி, காலையில் வந்தவுடன் விலை பேச மாட்டான். டீ குடிப்பான். வெயில் ஏறும்வரை குடித்துக்கொண்டே இருப்பான். நண்டு சோர்ந்து போன பிறகு, அவன் சொல்வதுதான் விலை. குளிர் அறை வந்துவிட்டால் நாமும் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பது அண்ணியின் ஒரே ஆசை.

கெர்ஸ்டின் திரையைத் திருப்பிக் காட்டினார். வகுப்பின்போது அவ்வப்போது முகம் பார்க்கும் எங்கள் மென்பொருள், தேர்வுக்கு முன் மொத்தமாக ஓர் அறிக்கை தரும். லட்சுமியைப் பற்றி அது சொன்னது:

வருகையில் குறையே இல்லை. எல்லா ஊர் மாணவிகளையும்விட மதிப்பெண் அதிகம். திங்களன்று இடது கையால் எழுதுகிறார், புதனன்று வலது கையால். மூக்குத்தி பக்கம் மாறுகிறது. ஒரு வகுப்பில் நிறைமாதக் கர்ப்பிணி. மறு வகுப்பில் இல்லை. சில நாள் கழித்து மறுபடி நிறைமாதம். வயது, இருபத்திரண்டுக்கும் அறுபதுக்கும் இடையில்.

"மஞ்சு," என்றார் கெர்ஸ்டின், மிகவும் மென்மையாக. "இந்தப் பெண்மணி நலமாக இருக்கிறாரா?"

பதிவுப் படத்தைத் திறந்தேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும், நெற்றியில் வியர்வை, யாரையோ திட்டப் போகிற வாய். லட்சுமி என்று பெயர் போட்டிருந்த அந்த முகம் என் அம்மாவுடையது. என் அம்மாவின் பெயர் லட்சுமி இல்லை. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தபோது, மடிக்கணினியின் கேமரா என்னைப் பார்த்துவிட்டு ஒரு மஞ்சள் விளக்கைக் காட்டியது: "லட்சுமி, ஓரளவு பொருத்தம். இன்னும் வெளிச்சம் தேவை."

3

அன்றே அண்ணியை அழைத்தேன். அங்கே சாயங்காலம். பின்னால் தண்ணீர்க் குழாயடியின் சத்தம்.

"அண்ணி, லட்சுமி யாரு?"

"எந்த லட்சுமி?"

"டேப்லெட்டுல படிக்கிற லட்சுமி."

"அதுவா. அது நம்ம போட்டு."

"போட்டு?" என்றேன். அண்ணி உதவிக்கு வந்தார். "உங்க அண்ணன் போட்டும்மா. தனலட்சுமி. லட்சுமின்னுதான கூப்புடுவோம். பச்ச கலரு."

"படகையா மாணவின்னு பதிவு பண்ணீங்க?"

"வேற இன்னா பண்றது? ஒரே ஒரு பேருதான் போடணும்னு சொன்னா? நாங்க பதினாலு பேரு கீறோம். எவ பேரப் போட்டாலும் மத்தவ மூஞ்சத் தூக்குவா. போட்டு பேரப் போட்டா எவளும் பேச முடியாதுல்ல. நம்பர் கேட்டுச்சு. போட்டுக்குத்தான் கவர்மெண்டு நம்பரு கீதே, அதப் போட்டோம். எடுத்துக்கிச்சு."

"அப்போ அம்மா முகம்?"

"போட்டோ கேட்டுச்சு. பதினாலு பேரும் போட்டுல ஏறி உக்காந்து எடுத்தோம். அத்தை அந்த நேரம் பார்த்து பக்கெட்டு எடுத்துகினு குறுக்கால போனாங்க. ஒரு மூஞ்சிதான் வேணும்னு சொல்லி அந்த மெஷினு, ஓரமா இருந்த அத்தைய மட்டும் வெட்டி எடுத்துக்கிச்சு. நாங்க இன்னா பண்ண?"

"அம்மா வகுப்புக்கு வராங்களா?"

"ச்சே. அத்தை பூட்டு தொறக்கத்தான். மூணு மணிக்கு வந்து மூஞ்ச காட்டுவாங்க. தொறந்துக்கும். ரெண்டு நிமிசம் நின்னா அதுக்கு நம்பிக்க வந்துடும். அப்புறம் அனுப்பிடுவோம், பாடு எவளுதோ அவ உக்காருவா."

பாடு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

4

ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் அடிதடி. அதனால் எங்கள் ஊர்களில் பெயர்ச் சீட்டுகளை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அடுத்தவர்களுக்கு. அதுதான் பாடு. தன் பாட்டில் வலை நிறைந்தாலும் வெறுமனே வந்தாலும் அவரவர் பாக்கியம். முடியாதவன் ஊர் அறியத் தன் பாட்டை வேறொருவருக்கு விட்டுக் கொடுக்கலாம். அடுத்தவன் பாட்டில் போய் வலை போட்டவனை ஊரே சேர்ந்து நிற்க வைத்துக் கேட்கும். ஆம்பளைகள் ஏரியில் செய்வதைப் பெண்கள் டேப்லெட்டில் செய்திருக்கிறார்கள்.

"ஒருத்தியே தெனமும் உக்காந்து படிப்பாளாம், நாங்க வெளிய நின்னு வேடிக்க பாக்கணுமாம்," என்றார் அண்ணி. "ஒருத்தனே தெனமும் நல்ல எடத்துல வல போட்டா ஊருல விடுவாங்களா? உங்க வெள்ளக்காரம்மாவுக்கு இது தெரியாதா?"

பின்னாலிருந்து நைனாவின், அதாவது என் அப்பாவின், குரல் கேட்டது. "பாடு தெரியாதவங்கள எல்லாம் எவன் தலைவரா வெச்சான்?"

மற்றவர்களுக்குப் பாடம் போய்ச் சேரும் விதத்தையும் அண்ணி விளக்கினார். அன்றைக்குப் படித்தவள் சாயங்காலம் குழாயடியில், தன் குடம் நிறைவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். தண்ணீர் வேகமாக வரும் நாளில் பாடம் சுருக்கம். கை கழுவும் பாடம் ஐந்தாறு வாய் தாண்டியதும், யாரும் யாருக்கும் கை கொடுக்கவே கூடாது என்று ஆகிவிட்டது, பிறகு திருத்தினார்கள். மல்லிகா மட்டும் எப்போதும் பூனையைப் பற்றியே சொல்வாள். மல்லிகா சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். இங்கிருக்கும் தாடிக்கார ஆசிரியர் வீட்டிலிருந்து பாடம் எடுக்கும்போது அவருடைய ஆரஞ்சு நிறப் பூனை மேசைமேல் நடமாடும். அது இன்று எங்கே தூங்கியது, வாலை எங்கே வைத்தது என்பதுதான் மல்லிகாவின் குழாயடி அறிக்கை. குழாயடியில் அதற்குத்தான் கூட்டம் அதிகமாம்.

5

கெர்ஸ்டினிடம் சொல்ல முதலில் கோளாறு அறிக்கையை நிரப்ப வேண்டியிருந்தது. "சம்பந்தப்பட்டவர்: தனிநபர், நிறுவனம், மற்றவை." மற்றவை என்பதைத் தேர்ந்தெடுத்து "படகு" என்று எழுதினேன். பிறகு நேரில் போய் உட்கார்ந்தேன்.

"ஒருவர் பெயரில் பதினான்கு பேர் படித்தால், எங்கள் ஊரில் அதை ஏமாற்று என்போம்," என்றார் அவர்.

"உங்கள் கட்டடத்தில் சலவை அறை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. அவர் வீட்டுக் கட்டடத்தில் சலவை முறைத் தகராறுகளைத் தீர்க்கும் குழுவுக்கு அவரே தலைவி என்பது எனக்கு அதுவரை தெரியாது. பலகை, துளை, பூட்டு என்று ஆரம்பித்து, ஏரி, சீட்டு, பாடு என்று முடித்தேன். இடையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அடுத்தவர் முறையில் நுழைந்தால் என்ன செய்வீர்கள்?"

"ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேட்போம்."

"நாங்கள் சுவரில் துண்டுச் சீட்டு மட்டும்தான் ஒட்டுகிறோம்," என்றார் கெர்ஸ்டின், ஏக்கத்தோடு.

ஆனாலும் விதி விதிதான். வெள்ளிக்கிழமை அவரே தேர்வு நடத்துவார். நான் மொழிபெயர்க்கலாம், ஒரு சொல் கூட்டக் கூடாது. பதிவில் இருக்கும் முகம் ஆரம்பம் முதல் முடிவுவரை கேமரா முன் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

அதாவது தேர்வுக்கு உட்கார வேண்டியது என் அம்மா. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் இரண்டு நிமிடம் மட்டும் நின்றுவிட்டு விரட்டப்பட்ட அம்மா.

6

ஊரில் இரண்டு சிக்கல்கள் முளைத்தன. ஒன்று, வெள்ளிக்கிழமை மல்லிகாவின் பாடு. இரண்டு, அம்மா வரமாட்டேன் என்றுவிட்டார்.

"நான் இன்னா தாப்பாளா?" என்று போனில் என்னையே கேட்டார். "தெனமும் அடுப்புல கொழம்ப வெச்சிட்டு ஓடி வந்து மூஞ்சக் காட்டணும். தொறந்துக்கினதும் 'சரி அத்தை, நீ போ'ன்றாளுங்க. இத்தினி நாளுல ஒருத்தியாவது 'உக்காரு அத்தை'ன்னு சொன்னாளா? எம் பேரையும் சொம்புல போடட்டும், அப்புறம் பாக்கலாம்."

புது ஆள் சேர்ந்தால் மறுபடி குலுக்க வேண்டும் என்பது பாடு முறையின் விதி. குலுக்கலில் வெள்ளிக்கிழமை யாருக்கு விழும் என்று யாருக்குத் தெரியும்? பொறியியல் படித்தவள் என்ற முறையில் நான் அண்ணிக்கு ஒரு வழி சொன்னேன்.

"எல்லாச் சீட்டுலயும் அம்மா பேரையே எழுதிடுங்க அண்ணி. யாரு எடுத்தாலும் அம்மாதான்."

எதிர்முனையில் அமைதி. பெர்ட்டில் கடிகாரத்தைப் பார்த்த அதே அமைதி.

"மஞ்சு," என்றார் அண்ணி கடைசியில். "அங்க துணி தோய்க்கிற ரூம்புல நீ அடுத்தவ பூட்ட கழட்டுவியா?"

"மாட்டேன்."

"அப்போ எங்களுக்கு இன்னாத்துக்கு சொல்ற? எனுக்கு அந்த ஐஸ் ரூம்பு வேணும். ரொம்ப வேணும். அதுக்காவ சீட்டுல கை வெச்சேன்னு நாளிக்கி ஒருத்தி சொல்லக் கூடாது."

குலுக்கினார்கள். அம்மாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை விழுந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் மல்லிகாவுக்கே விழுந்தது. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டபோது, மல்லிகா எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாளாம்:

"என் பாட்ட அத்தைக்கு உட்டுக் குடுத்துட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க. எனுக்கு பரிட்சன்னாலே ஆவாது. செவ்வாய்க்கெழமையும் அத்தையே வெச்சிக்கட்டும்."

7

வெள்ளிக்கிழமை. இங்கே கெர்ஸ்டினும் நானும். அங்கே டேப்லெட் முன்னால், பண்டிகைக்குக் கட்டும் பட்டுப் புடவையில் அம்மா. இயந்திரம் பச்சை விளக்குப் போட்டது. லட்சுமியின் முகம் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிலைத்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

கெர்ஸ்டின் முதல் கேள்வியைக் கேட்டார். "மீனை ஐஸ் பெட்டியில் எப்படி அடுக்க வேண்டும்?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது மூணாம் பாடம். தாடிக்காரரு வணக்கம் சொன்னாரு. அவங்க ஊருல மழன்னாரு. இன்னிக்கு ஐஸப் பத்தி பாக்கப் போறோம்னாரு." அத்தோடு நிறுத்தினார். நான் மொழிபெயர்த்தேன். கெர்ஸ்டின் காத்திருந்தார்.

"பிறகு?" என்றார்.

"அப்புறம் என்னை வெளிய அனுப்பிட்டாளுங்க. அன்னிக்கு மல்லிகா பாடு. ஏ மல்லிகா, வா இங்க. ஐஸு கேக்கறாங்க."

ஓரத்திலிருந்து மல்லிகாவின் முகம் அம்மாவின் தோள் மேல் முளைத்தது. இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டு, "ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள்" என்றது. மல்லிகா கேமராவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"பூனை ஒரு கண்ணாடிப் பெட்டி மேல சாஞ்சி நின்னுகினு இருந்துச்சு. அதும் மூஞ்சிகிட்ட ஐஸு. வயித்துகிட்ட மீனு. வாலு கிட்ட மறுபடி ஐஸு. அதுக்கும் கீழ மீனு. அடியில ஐஸு. தண்ணி போவ ஓட்ட. ஓட்டையில அது கால உட்டுச்சு."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, பூனையையும் விடவில்லை. கெர்ஸ்டின் தன் கையிலிருந்த விடைத் தாளைப் பார்த்தார். பெட்டியின் மேலே ஐஸ், பிறகு மீனும் ஐஸுமாக மாறி மாறி, அடியில் ஐஸ், கீழே வடிகால் என்றுதான் அதில் போட்டிருந்தது. பூனை மட்டும் இல்லை. இயந்திரம் "ஏற்கலாமா?" என்று கேட்டது. கெர்ஸ்டின் "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினார்.

இரண்டாம் கேள்வி நண்டு. "அது ஒம்போதாம் பாடம். அந்தம்மா கண்ணாடி போட்டுகினு வந்தாங்க. செல்வராணி பாடு. வாம்மா." சிவப்பு விளக்கு. அண்ணி அம்மாவின் இன்னொரு தோள் மேல் தோன்றிச் சொன்னார். ஏற்கிறேன். அடுத்த கேள்விக்கு நிறைமாதக் கர்ப்பிணி வந்தபோது அம்மா நாற்காலியோடு நகர்ந்து இடம் கொடுத்தார்; ஆனால் எழவில்லை. முகம் கேமராவிலேயே இருந்தது. எந்தப் பாடம், யார் எடுத்தது, அன்றைக்கு யார் பாடு என்று ஒவ்வொன்றுக்கும் அம்மா சொல்ல, அவரவர் வந்து பதில் சொல்லிப் போனார்கள். கெர்ஸ்டினின் சுட்டுவிரல் சிவந்துவிட்டது. இடையில் ஒருத்தி, கைகழுவும் கேள்விக்கு, யாருக்கும் கை கொடுக்கக் கூடாது என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பத்துக் குரல்கள் அவளைத் திருத்தின. அது பாதி மதிப்பெண்.

கடைக்குப் போகவும் எது, எங்கே, எப்போது என்று பட்டியல் போடுகிறவள் நான். எங்கிருந்து இந்தக் குணம் வந்தது என்று அன்று தெரிந்தது.

கடைசிக் கேள்வியை கெர்ஸ்டின் தாளைப் பார்க்காமல் கேட்டார். "நீங்களாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அம்மா யோசித்தார். "உங்க ஊருல மழ நின்னுச்சா?"

நின்றுவிட்டது என்றார் கெர்ஸ்டின். பிறகு மதிப்பெண் பக்கத்தில் "லட்சுமி: தேர்ச்சி" என்று பதிந்து, அதற்கும் இயந்திரம் கேட்ட கடைசிச் சந்தேகத்துக்கும் சேர்த்து ஒருமுறை அழுத்தினார்.

8

குளிர் அறை வந்துவிட்டது. லாரி எளாவூர் தாண்டியதிலிருந்து ஊர்வரை அண்ணி எனக்கு நேரடி வர்ணனை கொடுத்தார். இப்போது வியாபாரி டீ குடிக்கும்போது எதிரே அண்ணியும் டீ குடிக்கிறார். முதல் நாள் அவன் மூன்றாவது டம்ளரில் எழுந்துவிட்டானாம்.

ஒரே ஒரு குறை. அந்த அறையின் கதவுக்குச் சாவி கிடையாது. தேர்ச்சி பெற்ற மாணவியின் முகம் பார்த்துத்தான் திறக்கும். பதிவிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டது. தினமும் விடிந்ததும் அம்மாவை அழைத்துப் போய்க் கதவு முன்னால் நிறுத்துகிறார்கள். "அத்தை, காப்பி குடிச்சியா, சேலை நல்லா கீது" என்று பதினான்கு பேரும் விசாரிக்கிறார்களாம். அம்மா மெதுவாகத்தான் நடந்து வருகிறாராம்.

மாற்றித் தர முயல்கிறேன். படிவத்தில் "மற்றவை" வரை போயிருக்கிறேன்.

போன வாரம் அண்ணி அழைத்தார். "நீ வர்ற மாசம் ஊருக்கு வர இல்ல?"

"ஆமா. ரெண்டு வாரம்."

"அத்தைக்கு ஒரு நாளாவது லீவு வேணுமாம். பொன்னேரிக்குப் போயி வளையலு வாங்கணுமாம். உன் மூஞ்சும் அத்தை மூஞ்சும் ஒண்ணுதான? நீ வந்து நின்னா தொறக்குமா?"

மஞ்சள் விளக்கு நினைவுக்கு வந்தது. "ஓரளவு பொருந்தும் அண்ணி. வெளிச்சம் வேணும்."

"வெளிச்சத்துக்கு இங்க இன்னா கொற? அப்போ சரி. உன் பேரையும் சொம்புல போட்டு எடுத்துட்டோம். ரெண்டாவது செவ்வாக்கெழம உன் பாடு. மறந்துடாத. வரலன்னா நண்டெல்லாம் உள்ளயே கெடக்கும்."

பழைய படங்களில் நான் இருக்கிறேன், ரேஷன் அட்டையில்கூட யாரும் நீக்காமல் இன்னும் இருக்கிறேன். ஆனால் ஆறு ஆண்டுகளில் என் பெயர் போட்ட சீட்டு ஒன்று அந்தச் சொம்புக்குள் விழுந்தது இதுதான் முதல் முறை.

கீழே இறங்கிப் போனேன். அடுத்த மாதப் பலகை மாட்டியிருந்தார்கள். இரண்டாவது செவ்வாயில் முன்கூட்டியே மாட்டி வைத்திருந்த என் பூட்டைக் கழற்றினேன். பெர்ட்டில் துணிக்கூடையோடு பின்னால் நின்றிருந்தார்.

"அன்றைக்குத் துவைக்கவில்லையா?" என்றார்.

"இல்லை. அன்றைக்கு வேறு இடத்தில் என் முறை."

அவர் உடனே தலையாட்டினார். காலியான துளையில் தன் பூட்டை மாட்டுவதற்கு முன், நிச்சயம்தானே என்பதுபோல என்னை ஒருமுறை பார்த்தார். நிச்சயம்தான் என்றேன்.